புஷிமி இனாரி: நெல் நடவு நாளில் அம்மாவை அழைத்துச் செல்லலாமா?

கேள்வி (சுங்கை சிப்புட், மலேசியா):
வணக்கம். வரும் ஜூன் மாதம் அம்மாவுடன் ஜப்பான் செல்கிறேன். தாத்தா, தஞ்சைப் பக்கம் நாற்று நட்ட குடும்பத்திலிருந்து இங்கே பால்மரம் (ரப்பர்) வெட்ட வந்தவர். இன்றும் பொங்கலன்று எங்கள் வீட்டு நிலைப்படியில் நெற்கதிர்க் கொத்து தொங்கும். கியோத்தோவின் புஷிமி இனாரி நெல் தெய்வத்தின் கோயில் என்று கேள்விப்பட்டதிலிருந்து அம்மாவுக்கு அதே பேச்சு. வேற்றுச் சமயத்தவர் அங்கே கும்பிடலாமா? முழங்கால் வலியுள்ளவர் மலையேற வேண்டியிருக்குமா?

மறுமொழி (தெலுக் இந்தான்):
தங்கச்சி, தாராளமாகக் கும்பிடலாம். யாரும் சமயம் கேட்பதில்லை. நுழைவுக் கட்டணமும் இல்லை. வாயிலருகே கைகளையும் வாயையும் கழுவி, சன்னதியில் காசு போட்டு, இருமுறை குனிந்து, இருமுறை கைதட்டி, மீண்டும் ஒருமுறை குனிவதே அங்குள்ள முறை. சூடம் ஏற்ற வேண்டாம். 1499இல் எழுப்பப்பட்ட பிரதான சன்னதி அடிவாரத்திலேயே இருப்பதால், அம்மா சில படிகள் ஏறினால் போதும். 233 மீட்டர் மலை உச்சி அவருக்குத் தேவையில்லை. கியோத்தோவிலிருந்து நாரா வழித்தட ரயிலில் இரண்டாவது நிறுத்தமான இனாரியில் இறங்கினால் எதிரே கோயில்.

எல்லாரும் செந்நிற 'தோரி' வாயில்களைப் படமெடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள் என்பது எனக்கு வருத்தம். நீங்கள் ஜூன் 10 அன்று செல்லுங்கள். அன்றுதான் கோயிலுக்குரிய சிறு வயலில், ஒருபுறம் பெண்கள் நடனமாட, மறுபுறம் மரபுடை அணிந்தவர்கள் சேற்றில் இறங்கி நாற்று நடுவார்கள்.

மறுமொழி (பாகான் செராய்):
நெல் விளையும் ஊர்க்காரன் என்பதால் ஒன்று சேர்க்கிறேன். அங்குள்ள நரிச்சிலைகளைத் தெய்வமென்று பலர் தவறாக எண்ணுகிறார்கள். அவை நெல் தெய்வமான இனாரியின் தூதர்கள் மட்டுமே. கழுத்தில் சிவப்புத் துணி கட்டிய அந்த நரிகளில் சிலவற்றின் வாயில் நெற்கதிர் இருக்கும். அம்மாவுக்கு அதைக் கட்டாயம் காட்டுங்கள், மகளே. ஹதா குலத்து இரோகு என்பவர் அரிசி மாவு உருண்டையை இலக்காக வைத்து அம்பெய்ய, அது வெண்பறவையாகி மலையுச்சிக்குப் பறந்தது என்றும், அது இறங்கிய இடத்தில் நெல் விளைந்தது என்றும் தலக்கதை கூறுகிறது. கோயில் தோன்றிய ஆண்டாக 711ஐக் கொள்கிறார்கள். ஜூனில் நட்ட பயிரை அக்டோபர் 25 அன்று அறுத்து, அரிசியை நவம்பர் 23 அன்று படைக்கிறார்கள். வைக்கோலைக்கூட வீணாக்காமல் நவம்பர் 8 அன்று வேள்வித் தீயில் இடுகிறார்கள். வைக்கோலுக்கும் மரியாதை செய்யும் அந்த வழக்கம் என் மனத்தை மிகவும் தொட்டது.

கேட்டவர்:
அண்ணனுக்கும் ஐயாவுக்கும் நன்றி. பயணத்தை ஜூன் 8ஆம் தேதிக்கு மாற்றிவிட்டேன். பொங்கலுக்குக் கட்டிய கொத்திலிருந்து ஒரு கதிரை எடுத்துச் செல்ல அம்மா ஆசைப்பட்டார். விமான நிலையத்தில் தானியத்தைத் தடுப்பார்கள் என்பதால், அதைப் படமெடுத்து வைத்திருக்கிறோம்.