தறி நிறுத்தின பிறகு பாட்டு கேட்டால் வால்யூம் எவ்வளவு வைக்கலாம்?

தறிக்காரன்_கொண்டலாம்பட்டி:

வணக்கம். வீட்டுக்குப் பின்னாலேயே எங்கள் தறிக்கூடம், எட்டு விசைத்தறி ஓடுகிறது. காலையில் மோட்டார் போட்டால் சாயங்காலம் வரை நாடா அடிக்கிற சத்தம்தான். ராத்திரி சாப்பிட்டுவிட்டு மாடி அறையில் பாட்டு கேட்பது என் பழக்கம். போன தீபாவளிக்குப் பழைய ஸ்டீரியோ ஆம்ப் ஒன்றும் தரையில் நிற்கிற பெரிய ஸ்பீக்கர் ஜோடியும் வாங்கினேன். பாட்டு அருமையாக இருக்கிறது, அதில் குறை ஒன்றும் இல்லை.

விஷயம் என்னவென்றால், ராத்திரியில் வால்யூம் குமிழின் கோடு, கடிகாரத்தில் பதினொரு மணி காட்டுகிற இடத்தில் நின்றால்தான் எனக்குச் சரியாக இருக்கிறது. ஞாயிறு தறி லீவு. காலையில் எழுந்து குமிழைத் தொடாமல் அதே பாட்டைப் போட்டேன், காது கிழிகிற மாதிரி வந்தது. வீட்டுக்காரி அடுப்படியிலிருந்து ஓடி வந்து, "ராத்திரியும் இப்படித்தான் வைக்கிறீங்க, உங்களுக்குத்தான் தெரியலை" என்கிறாள். அதே ஆம்ப், அதே பாட்டு, அதே குமிழ். ராத்திரியில் கரண்ட் வோல்டேஜ் ஏதாவது குறைகிறதா?

இன்னொன்று, ஆம்பை அணைத்த பிறகு காதுக்குள் கொய்ங் என்று ஒரு சத்தம், தூங்கும் வரை. ஸ்பீக்கரில் கேட்டால் ஒன்றும் ஆகாது, ஹெட்ஃபோன்தான் கெடுதல் என்று கூட்டாளி ஒருவன் சொல்கிறான். நல்ல கம்பெனி ஸ்பீக்கர் என்றால் எவ்வளவு வைத்தாலும் பரவாயில்லை என்று இன்னொருவன். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். பையனும் பக்கத்தில் உட்கார்ந்துதான் கேட்கிறான்.

ஐந்துரோடு_ஆம்ப்கடை:

வோல்டேஜ் எல்லாம் இல்லை அண்ணா, ஆம்ப் சரியாகத்தான் இருக்கிறது. குறைவது உங்கள் காது. நாள் முழுக்கத் தறிச் சத்தத்தில் நின்றால் காது மரத்துப்போகும், ராத்திரி முழுக்க ஓய்வு கிடைத்தால் காலையில் திரும்பி வரும். அதனால் ஞாயிறு காலையில் கேட்டீர்களே, அதுதான் அந்தக் குமிழின் உண்மையான சத்தம், வீட்டுக்காரம்மா சொன்னது நூற்றுக்கு நூறு சரி.

கணக்காகச் சொல்கிறேன். அமெரிக்காவில் தொழிலாளர் பாதுகாப்புக்கு நியோஷ் என்று ஓர் ஆய்வு நிறுவனம் இருக்கிறது, அவர்கள் வைத்த அளவு, சத்தம் 85 டெசிபல் (சத்தத்தை அளக்கிற அலகு) என்றால் ஒரு நாளைக்கு 8 மணி நேரம். அதற்கு மேல் 3 டெசிபல் ஏறும்போதெல்லாம் நேரம் பாதியாகும், 88க்கு 4 மணி, 91க்கு 2 மணி, 94க்கு ஒரு மணி, 100 வந்துவிட்டால் கால் மணி நேரம்தான். விசைத்தறிக் கூடம் சாதாரணமாகவே 90ஐத் தாண்டும். ஆக நீங்கள் ஆம்பைப் போடுவதற்கு முன்பே அன்றைய கோட்டா முடிந்துவிடுகிறது, சொல்லப்போனால் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே. அதற்கு மேல் ராத்திரி இரண்டு மணி நேரம் பாட்டு. காதுக்குத் தறி வேறு, பாட்டு வேறு என்று தெரியாது, ரெண்டையும் ஒரே கணக்கில்தான் எழுதும்.

நல்ல கம்பெனி ஸ்பீக்கர் என்ற கதையைக் கடைக்கு வருகிற பாதிப் பேர் சொல்கிறார்கள். உண்மை அதற்கு நேர் எதிர். சின்ன ஆம்பை முறுக்கினால் சத்தம் கொரகொர என்று கெட்டுப்போய், நாமே போதும் என்று குறைத்துவிடுவோம். நல்ல செட் சுத்தமாகப் பாடிக்கொண்டே போகும், 95ல் இருப்பதே தெரியாது. சுத்தமான 95ம் 95தான்.

வாட் பற்றியும் ஒரு வார்த்தை. உங்கள் ஸ்பீக்கரின் பின்னால் 88 டெசிபல் என்று போட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தள்ளி 88 வரும் என்று அர்த்தம். இரண்டு ஸ்பீக்கர், நாலு சுவருள்ள அறை, பத்தடி தள்ளி நாற்காலி, அங்கேயும் 80ஐத் தாண்டிவிடும். வெறும் ஒரு வாட்டில்! மிச்ச வாட் எல்லாம் தவிலும் டிரம்ஸும் திடீரென்று எழும்புகிற இடத்துக்கு. காதுக்கு இரண்டு மடங்காகத் தெரிய சுமார் பத்து மடங்கு பவர் வேண்டும், அதனால்தான் குமிழைக் கொஞ்சம்போலத் திருப்பியதாக நினைக்கிறோம், உள்ளே கணக்கு எங்கேயோ போய்விடுகிறது.

செய்ய வேண்டியது இது. ஞாயிறு காலையில், காது தெளிவாக இருக்கும்போது, பக்கத்தில் இருப்பவரிடம் குரல் உயர்த்தாமல் பேச முடிகிற அளவுக்கு வைத்து, குமிழ் பக்கத்தில் நெயில் பாலிஷில் ஒரு புள்ளி. ராத்திரி எவ்வளவு மங்கலாகக் கேட்டாலும் புள்ளியைத் தாண்டாதீர்கள். ஆனால் ஒன்று, போனை ப்ளூடூத்தில் போட்டால் ஓர் அளவு, சிடி பிளேயர் என்றால் அதைவிட அதிகம் வரும், எதில் கேட்கிறீர்களோ அதற்கேற்ப தனிப் புள்ளி வேண்டும்.

பாவடி_மைனர்:

எல்லாரும் சேர்ந்து மனிதனைப் பயமுறுத்துகிறீர்கள். எங்கள் பெரியப்பா அம்மாபேட்டையில் காலமெல்லாம் தறி ஓட்டினார், காது செவிடாகவில்லை. தறிக்குள் பிறந்து வளர்ந்தவனுக்குக் காது பழகிவிடும். ஆசைப்பட்டு வாங்கின செட்டை முனகவிட்டுக் கேட்பதற்கு ரேடியோவே போதுமே.

செவித்திறன்_அக்கா:

தம்பி, சேலத்தில் ஒரு கிளினிக்கில் காது பரிசோதனை செய்வதுதான் என் வேலை, தறி வீடுகளிலிருந்து வருபவர்கள் நிறைய. பெரியப்பாவுக்குக் கேட்கும், நான் இல்லை என்று சொல்லவில்லை. டிவியை எத்தனையில் வைக்கிறார் என்று பெரியம்மாவைக் கேட்டுப் பாருங்கள். கல்யாண மண்டபத்தில் நாலு பேர் சேர்ந்து பேசினால் அவருக்குப் புரிகிறதா என்றும் கேளுங்கள். என்னிடம் வருகிறவர்கள் "காது கேட்கலை" என்று சொல்வதில்லை, "கேக்குது, ஆனா என்ன சொல்றாங்கன்னு வெளங்கலை" என்பார்கள். சத்தத்தால் கெடும்போது முதலில் போவது உச்சமான ஒலிகள், 4000 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரம். ஆடியோகிராம் என்கிற காது பரிசோதனை வரைபடத்தில் அந்த இடத்தில் மட்டும் கோடு பள்ளமாக இறங்கி மறுபடி ஏறும். தாழ்ந்த ஒலிகள் நன்றாகவே கேட்பதால் ஆளுக்குத் தெரியாது. ச, ஸ, த மாதிரி எழுத்துகள்தான் நழுவும், பாட்டில் சலங்கையும் ஜால்ராவும் மெல்ல மெல்ல மறையும். உடனே என்ன செய்வோம்? ட்ரெபிளைக் கூட்டுவோம்.

உள்காதில் மயிரிழை மாதிரி நுனியுள்ள செல்கள் ஒரு காதுக்குச் சுமார் 15,000 இருக்கின்றன. மனிதர்களுக்கு அவை செத்தால் திரும்ப முளைக்காது. மரத்துப்போய்த் திரும்பி வருகிறதே என்று தைரியம் வேண்டாம், தினமும் அப்படி ஆகிக்கொண்டே இருந்தால் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பாமல் நின்றுவிடும். கொய்ங் சத்தம் அதற்கான எச்சரிக்கைதான்.

கேள்வி கேட்ட அண்ணாவுக்கு: பாட்டைக் குறைப்பது இரண்டாவது வேலை. முதல் வேலை தறிக்கூடத்தில். அங்கே பஞ்சோ கழிவு நூலோ அடைப்பது ஏறக்குறைய ஒன்றும் செய்யாது. மருந்துக்கடையில் நுரையில் செய்த இயர் பிளக் கிடைக்கும், விலையும் குறைவு. ஆனால் பெரும்பாலோர் அதைக் காது வாசலில் ஒட்ட வைத்துவிட்டு "இது வேலைக்கு ஆகாது" என்பார்கள். விரல்களுக்கு நடுவில் உருட்டி ஒல்லிக் குச்சியாக்குங்கள், மற்ற கையைத் தலைக்கு மேலே கொண்டுவந்து காதை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடியுங்கள், உள்ளே விட்டு அரை நிமிடம் விரலை எடுக்காமல் அமுக்கிக்கொண்டிருங்கள். விரிந்து அடைத்ததும் உங்கள் குரலே உங்களுக்கு உள்ளிருந்து கனமாகக் கேட்கும், அப்போதுதான் சரியாக உட்கார்ந்தது. நூல் தூசி இருக்கிற இடம், கை கழுவிவிட்டுத் தொடுங்கள்.

ஒரு தடவை ஆடியோகிராம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தறியிலிருந்து நேராக வராதீர்கள், குறைந்தது 14 மணி நேரம் சத்தத்தை விட்டு விலகி இருந்துவிட்டு வந்தால்தான் அளவு சரியாக இருக்கும், லீவுக்கு மறுநாள் காலை தறிக்குப் போகும் முன் தோதானது. திடீரென்று ஒரு காது மட்டும் அடைத்தது போல் கேட்காமல் போனால் அழுக்கு என்று எண்ணெய் விட்டுக்கொண்டு இருக்க வேண்டாம், அன்றைக்கே காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போங்கள், தள்ளிப்போடப் போட மருந்து பலிக்கிற வாய்ப்பு குறையும்.

பையன் விஷயம். உலக சுகாதார நிறுவனம் பாட்டுக் கருவிகளுக்குச் சொல்கிற அளவு, பெரியவர்களுக்கு வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபல், குழந்தைகளுக்கு அதே 40 மணி நேரத்துக்கு 75. ஹெட்ஃபோனா ஸ்பீக்கரா என்பது பிரச்சினையே இல்லை, காதுக்குள் எவ்வளவு போகிறது என்பதுதான். ஸ்பீக்கரில் ஒரு வசதி, வீட்டுக்காரி ஓடி வந்து சொல்வார். ஹெட்ஃபோனில் சொல்ல ஆள் கிடையாது.

நாகலூர்_காபித்தோட்டம்:

சேர்வராயன் மலை மேலிருந்து நானும் கொஞ்சம் சொல்லிக்கொள்கிறேன். இங்கே ராத்திரி எட்டு மணிக்கு மேல் பூச்சிச் சத்தம்தான், அதனால் நான் வைக்கிற அளவைக் கேட்டால் பாவடிக்காரர் சிரிப்பார். ஆனால் எல்லாம் கேட்கிறது, பாடகர் மூச்சு இழுப்பது உட்பட. கீழே சேலத்தில் பஸ்ஸும் ஃபேனும் போடுகிற சத்தத்துக்கு மேலே பாட்டை ஏற்ற வேண்டியிருக்கிறது, நம் ஆசையால் அல்ல. ஜன்னல் சந்துக்கு ரப்பர் பட்டை ஒட்டுவதும், கடகடக்கிற ஃபேனை மாற்றுவதும் புது ஆம்ப் வாங்குவதைவிட மேல். எங்களுக்கும் மழைக்காலத்தில் தகரக் கூரை மேல் கொட்டும்போது அதே தொல்லைதான், அப்போது ஆம்பை அணைத்துவிட்டு மழையைக் கேட்டுக்கொண்டு உட்காருவேன்.

விருந்தாளிகள் இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வந்தவுடன் "என்ன சவுண்டே இல்லை" என்று கூட்டச் சொல்வார்கள். மேலே காற்றழுத்தம் குறைவதால் காது அடைத்திருக்கும், எச்சில் விழுங்கி, கொட்டாவி விட்டுத் திறந்தால் சரியாகிவிடும். காபி கொடுத்து அரை மணி நேரம் உட்கார வைத்த பிறகுதான் பாட்டு போடுவது.

முனகவிட்டுக் கேட்பதா என்றால், மெதுவாக வைத்தால் பேஸ் காணாமல் போவது நிஜம். 1933லேயே பிளெச்சர், மன்சன் என்று இருவர் அளந்து காட்டிவிட்டார்கள், சத்தம் குறையக் குறைய தாழ்ந்த ஒலிகள் நம் காதுக்கு மற்றதைவிட வேகமாக மறையும். அதற்குத்தான் பழைய ஆம்புகளில் லௌட்னஸ் என்று ஒரு பட்டன் வைத்திருப்பார்கள். பலர் அதை அமுக்கிவிட்டு வால்யூமையும் ஏற்றுகிறார்கள், அது மெதுவாகக் கேட்பதற்கென்று செய்தது. அப்புறம் நாற்காலியை ஸ்பீக்கருக்குக் கிட்டே கொண்டுபோங்கள், குமிழைக் குறைத்தும் பாட்டு முழுசாகக் கிடைக்கும், அடுப்படிக்கும் போகாது.

தறிக்காரன்_கொண்டலாம்பட்டி:

எல்லோருக்கும் நன்றி. பிளக் வாங்கிவிட்டேன், அக்கா சொன்ன மாதிரி போட்டால் நாடா சத்தம் எங்கோ தள்ளிப் போன மாதிரி இருக்கிறது. நூல் அறுந்தால் தெரியாமல் போய்விடுமோ என்று பயந்தேன், தெரிகிறது. போனில் டெசிபல் ஆப் போட்டுப் பார்த்ததில் பழைய குமிழ் அளவுக்கு நாற்காலியில் 93, 94 காட்டுகிறது. இதை நம்பலாமா? இன்னொரு சந்தேகம், மெதுவாக வைத்துக் கேட்கும்போது இடது பக்கம் கொஞ்சம் அமுங்கித் தெரிகிறது. அது காதா, செட்டா?

ஐந்துரோடு_ஆம்ப்கடை:

ஆப் பற்றி முதலில். நியோஷ்காரர்களே ஒரு ஆப் விட்டிருக்கிறார்கள், ஐபோனுக்கு மட்டும். ஆண்ட்ராய்டில் போனுக்குப் போன் மைக் மாறும், சில டெசிபல் முன்னே பின்னே காட்டும், நேற்றைக்கு இன்றைக்கு ஒப்பிட்டுப் பார்க்க அது போதும். போனைக் காது உயரத்தில் பிடித்து, ஒரு பாட்டு முழுக்க ஓடவிட்டு சராசரியைப் பாருங்கள், துள்ளுகிற எண்ணை அல்ல. ஏ-வெயிட்டிங் என்ற அளவு பேஸைக் கழித்துத்தான் காட்டும், சப்வூஃபர் வைத்திருப்பவர்கள் எண் சின்னதாக இருக்கிறதே என்று ஏமாறக் கூடாது. உங்களுக்கு 93 என்றால் அதில் குறைந்தது பத்து டெசிபல் குறையுங்கள், தறி ஓடின நாளில் இன்னும் கொஞ்சம்.

இடது பக்கத்துக்கு சுலபமான வழி, பாட்டு ஓடும்போது நாற்காலியைத் திருப்பிப் போட்டு ஸ்பீக்கருக்கு முதுகைக் காட்டி உட்காருங்கள். அமுங்கல் வலது காதுக்கு மாறினால் செட்டில் கோளாறு, அப்போதும் இடது காதிலேயே இருந்தால் அக்காவைப் போய்ப் பாருங்கள்.

தறிக்காரன்_கொண்டலாம்பட்டி:

திருப்பிப் போட்டுப் பார்த்தேன், வலது பக்கம் மாறிவிட்டது. குமிழை லேசாக ஆட்டினால் கரகர என்று வந்து சரியாகிறது.

ஐந்துரோடு_ஆம்ப்கடை:

அப்போ வால்யூம் கன்ட்ரோலில் தூசி, தறி வீட்டில் கேட்கவே வேண்டாம். ஆம்பின் பிளக்கைப் பிடுங்கி வைத்துவிட்டு, கான்டாக்ட் கிளீனர் (மின் இணைப்புகளைச் சுத்தம் செய்கிற ஸ்ப்ரே) ஒரு பீச்சு அடித்து, குமிழை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நாலைந்து தரம் திருப்புங்கள். காய்ந்த பிறகு போடுங்கள். சரியானதும் புள்ளியை மறுபடி வைக்க வேண்டியிருக்கும், இரண்டு பக்கமும் சேர்ந்து வந்தால் சத்தம் கூடும்.