இழை: ஆட்கடத்தல் சட்டத்தில் ‘அஸ்போர்ட்டேஷன்’ – கலைச்சொல் வேண்டும்

அன்புடையீர்,

கலிபோர்னியாத் தமிழ்க் குடும்பங்களுக்கான சட்டக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அம்மாநிலத் தண்டனைச் சட்டத்தின் 207ஆம் பிரிவின்படி, ஒருவரை வலுவந்தமாகப் பிடித்து வைத்தால் மட்டும் போதாது, கணிசமான தொலைவு கொண்டுசென்றிருந்தால்தான் அது ஆட்கடத்தல். ஆங்கிலத்தில் ‘அஸ்போர்ட்டேஷன்’ எனப்படும், கொண்டுசெல்லும் அந்தக் கூறுக்குத்தான் சொல் தேவை. சாதாரணக் கடத்தலுக்கு 3, 5 அல்லது 8 ஆண்டுச் சிறை, கொள்ளைக்காகக் கடத்தினால் ஆயுள் என்பதால், எதிர்வாதத்தில் பாதி இந்தக் கூறைச் சுற்றியே நடக்கிறது. இதற்கும் ‘கடத்தல்’ என்றே எழுதினால் ‘கடத்தல் இல்லையேல் கடத்தல் இல்லை’ என்று வாக்கியம் நகைப்புக்கிடமாகிறது.
– மொழிபெயர்ப்பாளர்

ஐயா, இலத்தீன் வேரின் பொருள் ‘அப்பால் சுமந்து செல்லுதல்’. கொண்டுசெலுத்தும் பொருளில் நமக்கு ‘உய்த்தல்’ இருக்க, ‘உய்ப்பு’ என்பதில் என்ன தயக்கம்?
– ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

‘உய்ப்பு’ என்றால் கடத்தப்பட்டவர் உய்ந்துவிட்டார் என்றல்லவா படிப்பவர் மகிழ்வார்! கம்பனின் இராவணன் சீதையைத் தீண்டாமல் குடிலை நிலத்தோடு பெயர்த்தெடுத்துப் போகிறான். ஆகவே ‘இடப்பெயர்ப்பு’ என்பேன்.
– கம்பன் அன்பர்

தீண்டாமல் தூக்கினாலும் அது கலிபோர்னியாவில் குற்றமே என்பது ஒருபுறம் இருக்கட்டும். அங்கே தொலைவை அடியால் மட்டும் அளப்பதில்லை. கொள்ளையின் பகுதியாகவே நிகழும் சிறு நகர்வு கொள்ளைக்கான கடத்தல் ஆகாது என்று 1969இல் டேனியல்ஸ் வழக்கிலும், நகர்த்தியதால் ஆபத்து கூடியதா, பிடிபடும் வாய்ப்பு குறைந்ததா என்பதையும் சாதாரணக் கடத்தலில் கருதலாம் என்று 1999இல் மார்ட்டினெஸ் வழக்கிலும் அம்மாநில உச்சநீதிமன்றம் கூறியது. கடை ஊழியரைக் கல்லாவிலிருந்து பின்னறைக்குத் தள்ளிச்சென்றதற்கும் இச்சொல் பொருந்த வேண்டும். இசைவு இருந்தது, இருப்பதாக நியாயமாக நம்பினார், 14 வயதுக்குட்பட்ட குழந்தையை உடனடி ஆபத்திலிருந்து காக்கவே கொண்டுசென்றார் என்னும் எதிர்வாதங்களுக்குப் புதுச்சொல் தேவையில்லை. ‘ஆள்நகர்த்தல்’ போதும்.
– வழக்கறிஞர்

‘இடப்பெயர்ப்பு’ வேண்டாம் ஐயா. எங்கள் ஊரில் இடப்பெயர்வு என்றால் போரும் முகாமும்தான்.
– யாழ்ப்பாணத்து வாசகி

வேறு மறுப்பு வராததால், பெரும்பான்மையின்படி ‘ஆள்நகர்த்தல்’ என்றே அனுப்புகிறேன்.
– மொழிபெயர்ப்பாளர்

மறுப்பு இருக்கிறது, பதிவு செய்க. நகர்த்துவது அலமாரியை, மனிதரை உய்க்க வேண்டும். ‘உய்ப்பு’க்குப் பழஞ்சான்றுகளோடு நாளை விரிவாக எழுதுவேன்.
– ஓய்வுபெற்ற தமிழாசிரியர்