மறு: அணு ஒதுக்கீடா, உறங்கா ஒதுக்கீடா?

எல்லோருக்கும் வணக்கம்,

லினக்ஸ் கெர்னல் (இயங்குதளத்தின் கரு) பற்றிய நம் தமிழ்க் கையேட்டில், ஜிஎஃப்பி_அட்டாமிக் என்று நினைவகம் கேட்பதற்கு என்ன பெயர் வைப்பது என்ற பேச்சுக்கு என் பதில் இது. வந்த யோசனைகளை ஒவ்வொன்றாக மேற்கோள் காட்டியிருக்கிறேன்.

> அட்டாமிக் என்றால் அணு. 'அணு ஒதுக்கீடு' என்றே போட்டுவிடலாமே, ஏன் சுற்றி வளைக்க வேண்டும்?

மோக்கா ஐயா, கோபித்துக்கொள்ளாதீர்கள், இதை மட்டும் ஏற்க முடியவில்லை. மொரிஷியஸில், எபேனில் எங்கள் வேலையிடத்தில் அண்மையில் பிடித்த பிழையை வைத்தே சொல்கிறேன்.

ரவுட்டர் பெட்டியின் பிணைய வன்பொருளை இயக்க எழுதிய டிரைவர் நிரல் அது. பாக்கெட் வந்ததும் எந்த இணைப்பைச் சேர்ந்தது என்று அட்டவணையில் தேடும், இல்லையென்றால் புதுப் பதிவுக்காகக் கேமல்லாக்கிடம் (கெர்னலுக்குள் நினைவகம் ஒதுக்கித் தரும் செயற்கூறு) நினைவகம் கேட்கும். கேட்ட விதத்தில்தான் வில்லங்கம்: எப்படி ஒதுக்க வேண்டும் என்று சொல்லும் கொடியாக ஜிஎஃப்பி_கெர்னல். அந்தக் கொடியோடு கேட்டால், இடம் போதாதபோது "கொஞ்சம் இரு, எங்கேயாவது காலி செய்து தருகிறேன்" என்று கேட்டவரைக் கெர்னல் தூங்கவைக்கலாம். நாம் நிற்பதோ நாப்பியின் (வந்த பாக்கெட்டுகளை மொத்தமாக வாங்கிக் கையாளும் கெர்னல் ஏற்பாடு) 'போல்' என்ற செயற்கூற்றுக்குள், மென்குறுக்கீட்டில் (ஓடும் பணியை இடைமறித்துக் கெர்னல் செய்யும் வேலை), அதுவும் ஸ்பின்லாக் என்ற பூட்டைப் பிடித்தபடி. அங்கே தூங்கினால், சாவியைக் கையில் வைத்துக்கொண்டு உள்ளே தூங்கிப்போனவர் வீட்டு வாசலில் நிற்கிற கதைதான், அந்தப் பூட்டு வேண்டிய மற்ற செயலிக் கோர்கள் எல்லாம் அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும். போதாக்குறைக்கு மென்குறுக்கீட்டுக்கென்று சொந்தமாக ஒரு பணி கிடையாது, அந்த நேரத்தில் ஓடிக்கொண்டிருந்த ஏதோ ஓர் அப்பாவிப் பணியின் தலையில்தான் அந்தத் தூக்கம் விழும்.

நினைவகம் தாராளமாக இருக்கும்வரை தூங்க வேண்டிய தேவையே வராது, ஆகவே சோதனை மேசையில் எல்லாம் சுபம். நெருக்கடி வந்தால்தான் பெட்டி உறையும். கான்ஃபிக்_டீபக்_அட்டாமிக்_ஸ்லீப் என்ற பிழைதேடும் அமைப்பை இயக்கிக் கெர்னலைக் கட்டிய பிறகு, தூங்கக்கூடாத இடத்தில் தூங்கும் செயற்கூறு அழைக்கப்படுகிறது என்று உடனே கத்தியது. அந்தச் சோதனை, உண்மையில் தூங்கினாயா என்று பார்ப்பதில்லை, தூங்க வாய்ப்பிருந்தாலே போதும்.

கொடியை ஜிஎஃப்பி_அட்டாமிக் ஆக்கினோம். அது தூங்காது, வேண்டுமானால் கெர்னலின் அவசரக் கையிருப்பில் கொஞ்சம் கைவைக்கும், அதற்கும் வழியில்லையென்றால் கைவிரித்துவிடும். கைவிரித்தால் என்ன செய்வது என்பதைத்தான் அந்த நிரலில் சரியாக எழுதியிருக்கவில்லை. நல் (இடம் கிடைக்கவில்லை என்ற வெற்று விடை) வந்தால் நேரே ரிட்டர்ன், கையிலிருந்த எஸ்கேபியை (பாக்கெட்டைத் தாங்கும் நினைவகக் கட்டமைப்பு) விடுவிக்கும் கேஃப்ரீ_எஸ்கேபியிடம் கொடுக்காமலே. ஆக, நினைவகம் தட்டுப்படும் நேரமாகப் பார்த்து ஒவ்வொரு தோல்விக்கும் ஒரு பாக்கெட் கசிந்தது. நினைவகக் கசிவைத் தேடும் கேமெம்லீக்தான் காட்டிக்கொடுத்தது.

இவ்வளவிலும் அணு எங்கே வந்தது? பிரிக்க முடியாதது என்ற பொருளில் வரும் அட்டாமிக் செயல்கள் வேறு, அவற்றுக்குப் 'பகாச் செயல்' என்று வைக்கலாம், பகாப்பதம், பகா எண் என்று தமிழில் ஏற்கெனவே இருக்கிற சொல்தான். இந்த ஒதுக்கீட்டில் பிரிக்கிறதும் இல்லை, பிரிக்க முடியாததும் இல்லை. தூங்கக்கூடாத இடத்தில் கேட்கிறோம், அவ்வளவுதான்.

> காத்திரா ஒதுக்கீடு?

அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ஜிஎஃப்பி_நோவெயிட் என்று இன்னொன்று இருக்கிறதே, அதுவும் தூங்காது, ஆனால் கையிருப்பைத் தொடாது. இந்தப் பெயரை அதற்கு எடுத்துவைப்போம்.

> அவசர ஒதுக்கீடு?

வேண்டவே வேண்டாம். நிரல் எழுதுகிற யாருக்குத்தான் தன் வேலை அவசரமில்லை? எல்லோரும் அதையே போட்டுக் கையிருப்பைத் துடைத்துவிடுவார்கள்.

> தூங்கா ஒதுக்கீடு. தூங்கா நகரம் மாதிரி, சட்டென்று புரியும்.

ரோஸ் ஹில் அக்கா சொன்ன இதுதான் எனக்கும் முதலில் பிடித்தது. வீட்டில் கிரியோல், பள்ளியில் ஆங்கிலமும் பிரெஞ்சும், இடையில் தமிழ் படிக்கும் பிள்ளைகளுக்கு 'தூங்கு' தெரியும், 'உறங்கு' அவ்வளவாகத் தெரியாது. ஆனால் யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவரிடம் காட்டினால் சிரிக்கிறார். அவர்கள் நித்திரை கொள்கிறவர்கள், தூங்குவது என்றால் அவருக்குத் தொங்குவது. கெர்னலிலோ தொங்கிப்போன பணி என்று தனிப் புகாரே உண்டு, இயல்பு அமைப்பில் 120 விநாடி அசையாமல் கிடந்தால் பதிவேட்டில் எழுதிவிடும். இரண்டும் குழம்பினால் பிழை தேடுகிறவர் பாடு திண்டாட்டம். ஆகவே என் ஓட்டு 'உறங்கா ஒதுக்கீடு'. அட்டாமிக், நோவெயிட் இரண்டையும் சேர்த்துக் குறிக்கும் இனப்பெயராக இருக்கட்டும், கொடிகளின் பெயரை ஒலிபெயர்த்து விட்டுவிடலாம்.

அன்புடன்,
எபேன்

---

தம்பி,

அணுவைக் கைவிட்டேன், பகாச் செயல் அருமை. ஆனால் உறங்கா என்பது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். எனக்கும் உனக்கும் இனிக்கும், பிள்ளைகள் அதை ஏதோ வினை என்று நினைத்து முழிப்பார்கள். கையேட்டில் முதல் முறை வரும்போது 'உறங்காத ஒதுக்கீடு' என்று விரித்து எழுதி, பிறகு சுருக்கு. இன்னொன்று: அட்டாமிக்குக்கு மாற்றியதோடு நிறுத்திவிட்டீர்களா? கைவிரிக்கும் என்று நீயே சொல்கிறாய், பாக்கெட் போகுமே?

மோக்கா

---

ஐயா, உறங்காத என்றே தொடங்குகிறேன், சரி.

நிறுத்தவில்லை. கைவிரித்தால் இப்போது எஸ்கேபியை விடுவித்து, கைவிட்ட பாக்கெட் எண்ணிக்கையில் ஒன்று கூட்டுகிறோம். அப்புறம், பிணைய இடைமுகம் இயங்கத் தொடங்கும்போதே, தூங்கினால் குற்றமில்லாத இடத்தில், ஜிஎஃப்பி_கெர்னல் போட்டுக் கொஞ்சம் பதிவுகளை முன்கூட்டி வாங்கி வைத்துக்கொள்கிறோம், பாக்கெட் வரும்போது அதிலிருந்து எடுப்பதுதான் பெரும்பாலும். இதற்கு 'முன்னொதுக்கீடு' என்று எழுதியிருக்கிறேன். ஆட்சேபம் இருந்தால் கையேடு அச்சுக்குப் போகும் முன் சொல்லுங்கள். ஸ்பின்லாக்கை இந்த இழையில் இழுக்க வேண்டாம், அதற்கே தனியாக ஒரு சண்டை இருக்கிறது.

எபேன்