சாரல் காலத்தில் தச்சுக் கருவிகள் துருப்பிடிக்காமல் இருக்க: மூடிய அலமாரியா, திறந்த சுவர்ப்பலகையா?

கேள்வி: புளியரை வாசகி

வணக்கம். நான் செங்கோட்டையை அடுத்த புளியரையில் வசிக்கிறேன். 2020-இல் ஊரடங்கின்போது வீட்டில் சும்மா கிடந்த ஒரு கைவாளையும் இரண்டு உளிகளையும் வைத்துக்கொண்டு பொழுதுபோக்காகத் தொடங்கிய மரவேலை, இன்று முக்காலி, அஞ்சறைப்பெட்டி வைக்கும் தட்டு, தேங்காய் துருவும் பலகை எனச் சமையலறைக்கு வேண்டியவற்றை நானே செய்துகொள்ளும் அளவுக்கு வந்திருக்கிறது. அதற்கேற்பக் கருவிகளும் கூடிவிட்டன. இப்போது என்னிடம் ஆறு உளிகள், இரண்டு இழைப்புளிகள், மூன்று வாள்கள், ஒரு கொட்டாப்புளி, மூலைமட்டம், டிரில் மெஷின், ஜிக்சா, பத்துப் பன்னிரண்டு கிளாம்புகள், இவை போக டப்பா டப்பாவாக ஆணியும் திருகாணியும் இருக்கின்றன.

இவை அனைத்தையும் பின்கட்டு அறையில், சிமெண்டுத் தரைமேல் வைத்த பழைய இரும்பு ட்ரங்குப் பெட்டியில் போட்டு மூடி வைத்திருந்தேன். கோட்டைவாசல் கணவாய் வழியாக ஆனி, ஆடி மாதங்களில் எங்கள் ஊருக்கு வரும் காற்றையும் சாரலையும் இந்தப் பக்கத்தவர்கள் அறிவார்கள். துவைத்த துணி மூன்று நாள் ஆனாலும் காயாது. இந்த ஆண்டு உறவினர் திருமணத்துக்காகப் புனலூர் சென்று, பத்து நாள் கழித்து வந்து பெட்டியைத் திறந்தபோது, உளிகளின் முகமெல்லாம் மஞ்சள் புள்ளி விழுந்திருந்தது. அதைவிட, இழைப்புளியின் மேல் கிடந்த மூலைமட்டம் தன் வடிவத்தை அப்படியே அதன் அடிப்பரப்பில் அச்செடுத்ததுபோல் துருவாகப் பதித்திருந்ததைப் பார்த்துத்தான் எனக்கு மனம் கசந்தது. பெட்டிக்குள் ஒரு சொட்டு மழைநீரும் இறங்கவில்லை என்பதை உறுதியாகச் சொல்வேன்.

இனி ட்ரங்குப் பெட்டி வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். மூடிய அலமாரி செய்வதா, கருவிகளைச் சுவரில் வெளிப்படையாக மாட்டி வைப்பதா என்பதில்தான் குழப்பம். புனலூர் உறவினர் தோட்டத்தில் வெட்டிய ரப்பர் மரத்தை அறுத்துப் பலகையாகத் தருவதாகச் சொல்கிறார், செலவில்லாமல் கிடைக்கும். அறையின் சுவர் ஹாலோ பிளாக்கில் கட்டியது. முன்பொரு முறை அதில் ரோல் பிளக் (திருகாணி பற்றுவதற்காகச் சுவர்த் துளையில் செருகும் குழல்) அடித்து மாட்டிய சிறு தட்டு, பிளக்கையும் சேர்த்துக்கொண்டு கீழே விழுந்துவிட்டது. அனுபவமுள்ளவர்கள் வழி சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில்: மார்த்தாண்டம் பயிற்றுநர்

சகோதரிக்கு வணக்கம். தொழிற்பயிற்சி நிலையம் ஒன்றில் தச்சுப் பிரிவில் நெடுங்காலம் பயிற்றுநராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எங்கள் குமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு என்பதால், உங்கள் இழைப்புளிக்கு நேர்ந்தது எனக்குப் புதிதல்ல.

முதலில் காரணத்தைப் பார்ப்போம். பெட்டிக்குள் மழைநீர் இறங்கவில்லை என்று நீங்கள் சொல்வது உண்மையாகவே இருக்கும்; ஆனால் துருவுக்கு மழைநீர் தேவையில்லை, ஈரக்காற்றே போதும். இரவில் சிமெண்டுத் தரையோடு சேர்ந்து குளிர்ந்துவிடும் இரும்புப் பெட்டியும் அதனுள் இருக்கும் கருவிகளும், காலையில் ஈரம் நிறைந்த காற்று சற்றே சூடாகி உள்ளே புகும்போது, குளிர்ந்த தண்ணீர்ச் செம்பின் வெளிப்புறம் வியர்ப்பதுபோல் வியர்க்கின்றன. இரண்டு இரும்புகள் ஒன்றின்மேல் ஒன்று படிந்திருக்கும் இடத்தில் அந்த ஈரம் காய வழியில்லாமல் தங்கிவிடுவதால்தான் மூலைமட்டத்தின் வடிவம் அப்படியே பதிந்தது. இதனோடு உங்கள் கை வியர்வையின் உப்பும், பெட்டியின் அடியில் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு கிடக்கும் மரத்தூளும் சேர்ந்திருக்கும். ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது தரையிலிருந்து விலகிய, மரத்தாலான, ஆழம் குறைந்த அலமாரி. ஒவ்வொரு கருவியும் மற்றொன்றைத் தொடாமல் தனித்து நிற்க வேண்டும்.

ரப்பர் மரத்தைப் பற்றித் தயக்கமின்றிச் சொல்கிறேன், அந்தப் பலகையை அப்படியே வாங்காதீர்கள். அது கெட்ட மரமன்று. பால் வற்றிய மரங்களை வெட்டி அறுத்துச் செய்யும் மேசை நாற்காலிகள் கேரளத்திலிருந்து எங்கும் போகின்றன. ஆனால் அதில் மாவுச்சத்து மிகுதி என்பதால், அறுத்தவுடனேயே போராக்ஸ், போரிக் அமிலக் கரைசல் ஏற்றி, சூளையில் உலர்த்தினால்தான் அது நிலைக்கும். தோட்டத்தில் அறுத்துச் சும்மா அடுக்கிய பலகையில் சில நாட்களிலேயே நீலக்கறை படரும். பின்னர் ஊசித்துளை விழுந்து, அதன் கீழே கோதுமை மாவுபோல் மென்தூள் கொட்டும். அப்படி உளுத்த மரத்தை வீட்டுக்குள் கொண்டுவந்தால், நீங்கள் செய்த முக்காலியிலும் அந்தப் பூச்சி புகக்கூடும். பதப்படுத்திய பலகையாகக் கிடைத்தால் தாராளமாக வாங்கிக்கொள்ளுங்கள்.

என் யோசனை 18 மி.மீ. பிளைவுட். ஐ.எஸ். 303 என்ற இந்தியத் தர முத்திரையில் பி.டபிள்யூ.ஆர். (கொதிநீர் தாங்குவது) என்று குறித்த வகை உங்கள் அறைக்குப் போதும், ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மெரைன் வகை இன்னும் நல்லது, விலைதான் கூடும். எட்டடிக்கு நான்கடி தாள் ஒன்றிலிருந்தே, முதுகுப் பலகை தவிர முழு அலமாரியும் வந்துவிடும். தாளின் ஒரு முனையிலிருந்து 915 மி.மீ. நீளத்துக்குக் குறுக்கே வெட்டி, அந்தத் துண்டை நடுவில் பிளந்தால் இரண்டு கதவுகள். மிஞ்சிய ஏறத்தாழ ஐந்தடித் துண்டை நீளவாக்கில் 200 மி.மீ. அகலமுள்ள ஆறு பட்டைகளாகக் கிழிக்கலாம். எட்டங்குலம் என்று கணக்கிட்டால் ஆறாவது பட்டை குறைந்துபோகும். ஒவ்வொரு வெட்டும் வாளின் தடிப்பளவு மரத்தை, அதாவது ஏறக்குறைய 3 மி.மீ., தின்றுவிடும் என்பதை மறக்கக் கூடாது. ஆறில் இரண்டு பட்டைகளை 915 மி.மீ. அளவில் வெட்டினால் பக்கப் பலகைகள். மற்ற நான்கையும் 1183 மி.மீ. அளவில் வெட்டினால் மேல், கீழ், நடுத்தட்டு இரண்டு. எல்லாவற்றுக்கும் பின்னால் 6 மி.மீ. பிளைவுட்டை அறையுங்கள். பட்டைகளில் மீந்த சிறு துண்டுகளை எறிந்துவிடாதீர்கள், உளி நிறுத்தும் தட்டு அவற்றில்தான் செய்ய வேண்டும். இத்தனை நேர்வெட்டை ஜிக்சாவால் வெட்டினால் கோணும். அளவை எழுதிக்கொடுத்து, டேபிள் சா (மேசையில் பொருத்திய வட்டவாள்) உள்ள பட்டறையில் வெட்டி வாங்கி வருவதில் வெட்கம் ஒன்றுமில்லை.

சுவர் விஷயம். ஹாலோ பிளாக்கின் ஓடு ஓர் அங்குலத்துக்குச் சற்று மேல் இருக்கும், அதற்கப்பால் வெற்றிடம். டிரில் மெஷினை ஹேமர் (அடித்தபடியே துளைக்கும்) நிலையில் வைத்துத் துளையிட்டால் உட்புறம் உடைந்து சிதறிவிடும், பிளக் பற்றுவதற்கு ஒன்றும் இராது. உங்கள் தட்டு விழுந்ததற்குக் காரணம் அதுதான் என்று நினைக்கிறேன். இந்த அலமாரி கருவி இல்லாமலே 30 கிலோவை நெருங்கும் என்பதால், எடையைச் சுவரிடம் கொடுக்காதீர்கள். இரண்டரைக்கு இரண்டரை அங்குலத்தில் இரண்டு கால்களை நிறுத்தி, அவற்றின்மேல் அலமாரியை ஏற்றுங்கள். சுவரில் மேலே இரண்டே இடத்தில், ஹேமர் நிலையை அணைத்துவிட்டுத் துளையிட்டு, முன்னுக்குச் சாயாமல் பிடித்துக்கொள்ள மட்டும் திருகுங்கள். கால்களுக்கு அடியில் கருங்கல் துண்டோ டைல் துண்டோ வைத்தால் கறையான் மண்பாதை எடுப்பது கண்ணில் பட்டுவிடும். அலமாரிக்கும் சுவருக்கும் இடையில் ஓர் அங்குலம் காற்று போக இடம் விடவும். பழைய வீடு இடித்த அயினி (காட்டுப்பலா வகை) மரச்சட்டம் எங்காவது கிடைத்தால் கால்களுக்கு அதைவிடச் சிறந்தது இல்லை. அறுக்கும் முன் ஒரு காந்தத்தைத் தடவி, உள்ளே முறிந்த ஆணி கிடக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பார்க்காமல் அறுத்து ஒரு வாளைப் பல்லில்லாமல் ஆக்கியவன் சொல்கிறேன்.

பதில்: கொழிஞ்சாம்பாறை தோட்டக்காரர்

ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். அலமாரியின் அடித்தட்டில் ஒரு ஜீரோ வாட் பல்பை எரியவிட்டால், உள்ளே காற்று வெளியைவிட இரண்டு மூன்று டிகிரி சூடாகவே இருக்கும், இரும்பு வியர்க்காது. பெயர்தான் ஜீரோ வாட், உண்மையில் பதினைந்து வாட் அளவுக்கு மின்சாரம் எடுக்கும் பழைய இழை பல்பு அது. நான் முதலில் கரண்ட் மிச்சமாகும் என்று எல்.இ.டி. ஜீரோ வாட் பல்பை மாட்டிவிட்டு, இடவப்பாதி (தென்மேற்குப் பருவமழை) முழுவதும் காத்திருந்தேன். அலமாரிக்குள் வெளிச்சம் அழகாக இருந்தது, உளிகளும் அழகாகத் துருப்பிடித்தன. சூடு தருவது இழை பல்பு மட்டுமே. அதைச் சுற்றி ஓரடிக்குள் மரத்தூளோ பிளாஸ்டிக் உறையோ இருக்கக் கூடாது. கீழேயும் மேலேயும் விரல் நுழையும் அளவில் நான்கு நான்கு துளைகள் போட்டுவிடுங்கள். வெளியூர் போகும்போது பல்பை அணைத்துவிட்டுச் சிலிக்கா ஜெல் பொட்டலங்களை வைத்துப் போவேன்.

எண்ணெயைப் பொறுத்தவரை எங்கள் வீட்டில் எதற்கும் தேங்காய் எண்ணெய்தான். அது பிசினாக இறுகாது என்பது உண்மை. ஆனால் சில வாரங்களில் சிக்கு வாடை அடிக்கும், எறும்பும் வரும். தையல் மெஷினுக்கு விடும் எண்ணெயை ஒரு பருத்தித் துணியில் நனைத்து, வேலை முடிந்த ஒவ்வொரு முறையும் துடைத்துவிட்டு வைப்பதே இப்போது என் வழக்கம். ஆளிவிதை எண்ணெயைக் கருவியில் பூசாதீர்கள், அது காய்ந்து பசையாகும். மரத்துக்கு அதைப் பூசினால், துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாமல் விரித்துக் காயப்போடுங்கள். சுருட்டிய துணி தானே சூடேறித் தீப்பற்றக்கூடும்.

பதில்: கம்பம் வாசகர்

எனக்கு மூடிய அலமாரியில் உடன்பாடில்லை. கதவுக்குப் பின்னால் இருக்கும் கருவி கைக்கு வருவதில்லை. கைக்கு வராத கருவியை நாம் துடைப்பதும் இல்லை. நான் சுவர் முழுவதும் சாய்வுப்பட்டை அடித்திருக்கிறேன். ஆறங்குல அகலப் பட்டையை நடுவில் 45 டிகிரி சாய்த்து வெட்டினால் இரண்டு பாதி கிடைக்கும். ஒரு பாதியைச் சாய்வு மேலே வந்து, சுவரை ஒட்டி ஒரு பள்ளம் உண்டாகும்படி அறைய வேண்டும்; மறுபாதியைக் கருவி தாங்கும் பலகையின் முதுகில் தலைகீழாகத் திருகினால், இரண்டும் கொக்கியாகக் கோத்துக்கொள்ளும். வேண்டும்போது தூக்கி இடம் மாற்றலாம். ஐந்து ஆண்டுகளாக இப்படியே வைத்திருக்கிறேன், துரு என்று பெரிதாக எதுவும் இல்லை.

மறுமொழி: புளியரை வாசகி

மூவருக்கும் நன்றி. கம்பத்து அண்ணா, தங்கள் ஊருக்கு மலை மறைப்பு இருக்கிறது. எங்கள் ஊரில் மலையே திறந்து வழிவிடுகிறது. கேரளத்து மழைக்காற்று நேராக என் பின்கட்டுக்குத்தான் வருகிறது. இருந்தாலும் கிளாம்புகளையும் கொட்டாப்புளியையும் கதவுக்குள் வைப்பது வீண் என்பது எனக்கும் படுகிறது. அலமாரியின் கால்களை ஆறடி உயரத்துக்கு விட்டு, பக்கவாட்டில் இரண்டு சாய்வுப்பட்டைகளை அந்தக் கால்களிலேயே திருகினால் சுவரைத் தொட வேண்டியிருக்காது அல்லவா? இன்னும் இரண்டு ஐயங்கள். உளிகளுக்குத் தோல் உறை தைக்கலாம் என்றிருந்தேன், அது சரியா? பதிந்துபோன துருவை எப்படி எடுப்பது?

பதில்: மார்த்தாண்டம் பயிற்றுநர்

கால்களில் பட்டை அறையும் யோசனை எனக்குத் தோன்றாமல் போயிற்று. தாராளமாகச் செய்யுங்கள், ஆனால் இரு பக்கமும் எடை ஒத்திருக்கட்டும். முனையுள்ள கருவி அலமாரிக்குள், முனையில்லாதவை வெளியே என்று வைத்துக்கொண்டால் கம்பத்து நண்பருக்கும் மனக்குறை இராது.

தோல் உறை வேண்டாம். தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், மழைக்காலம் முழுவதும் உளியின் வாய் ஈரத்துணியில் சுற்றியதுபோல் இருக்கும். மீந்த பிளைவுட் துண்டில் உளியின் தடிப்புக்குச் சற்றுக் கூடுதலாகக் காடி வெட்டி, பிடி மேலே நிற்கும்படி இறக்குங்கள். வாய் கீழே எதையும் தொடாமல் தொங்க வேண்டும். இழைப்புளியைத் தட்டில் வைக்கும்போது முன்பக்கம் ஒரு மெல்லிய மரச்சில்லின்மேல் ஏற்றி வைத்தால் அலகு பலகையில் படாது. வாளின் பல்லுக்கு அரையங்குல பி.வி.சி. குழாயை நீளவாக்கில் கீறிச் செருகினால் போதும்.

துருவுக்குச் சமையலறை வினிகரே மருந்து. உளிகளை ஓர் இரவு ஊறவைத்து, காலையில் தேய்த்து, சமையல் சோடா கலந்த நீரில் கழுவி, அந்த நிமிடமே துடைத்து வெயிலில் காட்டி எண்ணெய் பூசுங்கள். இரண்டு நாள் ஊறினால் இரும்பையே அரிக்கும். இழைப்புளியின் அடிப்பரப்பை மட்டும் ஊறவைக்காமல், தட்டையான கண்ணாடித் துண்டின்மேல் 220-ஆம் எண் உப்புத்தாளை ஒட்டி, அதன்மேல் முன்னும் பின்னும் இழுத்துத் தேயுங்கள். அலகைக் கழற்ற வேண்டாம். உள்ளே பின்னிழுத்து, இறுக்கியபடியே தேய்க்க வேண்டும். மூலைமட்டத்தின் நிழல் லேசாக மிஞ்சினால் விட்டுவிடுங்கள். வேலைக்கு அது தடையன்று.

மறுமொழி: புளியரை வாசகி

உளிகளை இன்றிரவு ஊறவைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பிளைவுட் பார்க்கத் தென்காசி போகிறோம்; தாங்கள் எழுதிய அளவுகளை ஒரு தாளில் வரைந்து வைத்திருக்கிறேன். காலியாகப் போகும் ட்ரங்குப் பெட்டியைத் தம் பட்டுச்சேலைகளுக்கு என் மாமியார் கேட்டார். இழைப்புளியின் அடியைத் திருப்பிக் காட்டினேன். அதற்குப் பிறகு கேட்கவில்லை.