குடும்ப லீக் குழு (பாஸ்கெட்பால் ஜிஎம் என்ற கணினி விளையாட்டில் ஆளுக்கு ஒரு அணி): எம்விபி ஓட்டு, பைனல் முடிவு, டிராஃப்ட் நாள்

சனிக்கிழமை

லாஸ்பேட்டை சித்தப்பா, இரவு 8:41
எல்லாருக்கும் வணக்கம். பைனல் முடிந்தது. மஞ்சக்குப்பம் 4, அரியாங்குப்பம் 2. கடலூர் அக்கா அணி சாம்பியன். ஆறாவது ஆட்டத்தின் பாக்ஸ் ஸ்கோர் படம் கீழே.

லாஸ்பேட்டை சித்தப்பா, இரவு 8:41
📷 படம்

நெய்வேலி அக்கா, இரவு 8:42
அத்தை!!! 👏👏👏

பண்ருட்டி மச்சான், இரவு 8:42
வாழ்த்துகள் அத்தை. நாலாவது இடத்தில் வந்து கோப்பையைத் தூக்கிவிட்டீர்கள்.

அரியாங்குப்பம் பெரியப்பா, இரவு 8:44
வாழ்த்துகள் தங்கச்சி. நன்றாக ஆடி ஜெயித்த அணி உன்னுடையது. எனக்கு வருத்தம் இல்லை. மூன்றாவது ஆட்டத்தில் கடைசி நிமிடத்தில் விட்ட அந்த இரண்டு ஃப்ரீ த்ரோ மட்டும் மனதில் நிற்கிறது.

கடலூர் அத்தை, இரவு 8:47
நன்றி அண்ணா. நன்றி பிள்ளைகளே. கை நடுங்குகிறது, அப்புறம் விரிவாக எழுதுகிறேன். தம்பி, அந்தப் படத்தை இன்னொரு முறை பெரிதாக அனுப்பு, அத்தானுக்குக் காட்ட வேண்டும்.

லாஸ்பேட்டை சித்தப்பா, இரவு 8:55
அனுப்பிவிட்டேன் அக்கா.
அடுத்து விருதுகள். ஓட்டு எல்லாம் சீசன் ஆட்டங்களுக்குப் பிறகு வரும் பிளேஆஃப் சுற்று தொடங்கும் முன்பே வாங்கிப் பூட்டி வைத்தது, இன்றுதான் திறக்கிறேன். முதல் ஓட்டுக்கு 5, இரண்டாவதுக்கு 3, மூன்றாவதுக்கு 1. சொந்த அணி ஆளுக்கு ஓட்டு கிடையாது. பெயருக்குப் பதில் அணியும் ஆடும் இடமும் (சென்டர், ஃபார்வர்டு, கார்டு) போட்டிருக்கிறேன்.

எம்விபி, அதாவது சீசனின் சிறந்த ஆட்டக்காரர்:
முத்தியால்பேட்டை சென்டர் 29
அரியாங்குப்பம் ஃபார்வர்டு 23
லாஸ்பேட்டை கார்டு 14

தம்பி, வாழ்த்துகள்!

பண்ருட்டி மச்சான், இரவு 8:57
சித்தப்பா, இதில் எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. முத்தியால்பேட்டை அரையிறுதியிலேயே வெளியே போய்விட்டது. அதுவும் முதல் இடத்தில் இருந்த அணி, நாலாவது இடத்து அணியிடம். அந்த ஆளுக்கு எம்விபி என்றால் பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள்?

முத்தியால்பேட்டை தம்பி, இரவு 8:59
🚫 இந்தச் செய்தி நீக்கப்பட்டது

முத்தியால்பேட்டை தம்பி, இரவு 9:01
எனக்கும் வாங்கக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஏழாவது ஆட்டம் வரை இழுத்தும் ஜெயிக்க முடியவில்லை. பெரியப்பா ஆளுக்கே கொடுத்துவிடுங்கள் சித்தப்பா.

நான், இரவு 9:04
தம்பி, விட்டுக்கொடுக்காதே. எம்விபி என்பது 82 ஆட்டத்துக்கான விருது. பிளேஆஃப் வேறு கணக்கு, அதற்குத்தான் பைனலின் சிறந்த ஆட்டக்காரர் என்று தனி விருது இருக்கிறது. அசல் என்பிஏவிலும் (அமெரிக்க பாஸ்கெட்பால் லீக்) ஓட்டு பிளேஆஃபுக்கு முன்பே முடிந்துவிடும். 2007ல் டல்லாஸ் மேவரிக்ஸ் 67 வெற்றி, 15 தோல்வி. முதல் சுற்றிலேயே எட்டாவது இடத்தில் இருந்த கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அவர்களை வெளியே அனுப்பியது. டர்க் நொவிட்ஸ்கிக்கு எம்விபி கோப்பை வந்தது அதற்குப் பிறகுதான். அவர் பட்ட வேதனை எல்லாருக்கும் தெரியும், ஆனால் விருதைத் திருப்பி வாங்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. அந்த 82 ஆட்டம் நடந்தது நடந்ததுதானே.

நெய்வேலி அக்கா, இரவு 9:06
சரியாகச் சொன்னாய். நான் முதல் ஓட்டை அந்த சென்டருக்குத்தான் போட்டேன், இன்றைக்குக் கேட்டாலும் அவனுக்குத்தான் போடுவேன்.

பண்ருட்டி மச்சான், இரவு 9:07
நொவிட்ஸ்கி கதை எனக்குத் தெரியாது. சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவ்வளவு பெரிய ஆள் அரையிறுதியில் ஏன் அப்படிச் சோர்ந்துபோனான்?

லாஸ்பேட்டை சித்தப்பா, இரவு 9:13
அதைப் பார்த்தேன். தம்பி பிளேஆஃபுக்காக அவன் ஆடும் நேரத்துக்கு இரட்டைக் கூட்டல் குறி போட்டிருந்தான். பாஸ்கெட்பால் ஜிஎம்மில் களத்தில் நிற்க நிற்க ஆளுக்குத் தெம்பு குறையும். குறைந்தால் அவன் போடுவது, தடுப்பது, ரீபவுண்ட் பிடிப்பது எல்லாமே கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். நாலாவது கால்பகுதியில் பந்து வளையத்தில் பட்டுப் பட்டுத் திரும்பியது அதனால்தான். அதோடு கடலூர் அக்கா, ஆட்களை வாங்கி விற்கும் வர்த்தகக் கெடு முடிவதற்கு முன் நெய்வேலியில் இருந்து ஓர் ஆளை வாங்கினாரே, அவன் பெயருக்குப் பக்கத்தில் ‘டிஐ’ குறி. உள்ளே வந்து போடுபவனை மறிப்பவன். நம்ம சென்டர் போடுவதெல்லாம் கூடைக்குப் பக்கத்தில் இருந்துதான். நேருக்கு நேர் மாட்டிக்கொண்டான்.

முத்தியால்பேட்டை தம்பி, இரவு 9:14
அந்த ஆள் வந்ததை நான் கவனித்தேன் சித்தப்பா. அதனால்தான் இவனை அதிக நேரம் ஆட வைத்தேன். வேறு யாரும் அவனைத் தாண்டிப் போட மாட்டார்கள் என்று நினைத்தேன்.

கடலூர் அத்தை, இரவு 9:16
கண்ணா, நீ நினைத்தது தப்பில்லை. ஐந்தாவது ஆட்டத்தில் உன் ஆள் எங்களை ஓட ஓட விரட்டினான். அன்றைக்கு ராத்திரி எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை. எம்விபியை வாங்கிக்கொள். என் முதல் ஓட்டும் உன் ஆளுக்குத்தான்.

முத்தியால்பேட்டை தம்பி, இரவு 9:17
சரி அத்தை. வாங்கிக்கொள்கிறேன். நன்றி ❤️

பாரிஸ் அண்ணன், இரவு 9:20
இப்போதுதான் கடையில் இருந்து வெளியே வந்தேன், எல்லாவற்றையும் படித்துவிட்டேன். அத்தைக்கு என் வணக்கமும் வாழ்த்தும்!
ஒரு சந்தேகம். அத்தையின் பாயிண்ட் கார்டு ஏன் எம்விபி பட்டியலிலேயே இல்லை? ஆட்டத்துக்கு ஆட்டம் பார்த்தால் இந்த லீக்கில் அவன்தான் முதல் ஆள். நான் ஓட்டுச்சீட்டு நிரப்பும்போது அவன் பெயரைத் தேடினேன்.

லாஸ்பேட்டை சித்தப்பா, இரவு 9:22
முழங்கால் காயம். 51 ஆட்டம்தான் ஆடினான். நம் விதிப்படி விருதுக்கு 65 வேண்டும்.

பாரிஸ் அண்ணன், இரவு 9:26
ஓ, அந்த விதி. இங்கே அந்த 65ஐப் பற்றி பேசாத ஆளே இல்லை. வெம்பன்யாமா 2023 டிராஃப்டில், அதாவது புது ஆட்டக்காரர்களை என்பிஏ அணிகள் தேர்ந்தெடுக்கும் நாளில், முதல் ஆளாகப் போன எங்கள் ஊர்ப் பையன். 7 அடி 4 அங்குலம். முதல் வருடமே ஒரு ஓட்டுகூடச் சிதறாமல் சிறந்த புதுமுகம். அடுத்த வருடம் சிறந்த தடுப்பு ஆட்டக்காரர் விருது அவனுக்குத்தான் என்று எல்லாரும் எழுதினார்கள். தோளில் ரத்த உறைவு, 46 ஆட்டத்தோடு உட்கார்ந்துவிட்டான். விருது இவான் மோப்லிக்குப் போனது. கீழே உள்ள காபிக் கடைக்காரர் இன்றும் அதைச் சொல்லிப் புலம்புகிறார்.
காயம் ஆளின் தப்பா? 55 ஆட்டம் என்று குறைக்கலாமே.

நெய்வேலி அக்கா, இரவு 9:29
தம்பி, காயம் யாருடைய தப்பும் இல்லை. ஆனால் அவன் இல்லாத 31 ஆட்டத்தில் வேறு ஒருவன் வந்து வேலை செய்தான் அல்லவா? களத்தில் இருந்தவனுக்குக் கணக்கு வேண்டாமா? என்பிஏ அந்த விதியை 2023-24ல்தான் கொண்டுவந்தது. பெரிய ஆட்டக்காரர்கள் ஓய்வு என்று சொல்லி உட்கார்ந்துகொண்டே இருந்தார்கள், டிக்கெட் வாங்கி வந்தவர்கள் ஏமாந்து போனார்கள். நம் லீக்கில் ஓய்வு என்ற பேச்சு இல்லை என்பது உண்மைதான். ஆனாலும் எம்விபி என்றால் வருடம் முழுக்க நின்றவனுக்குப் போக வேண்டும் என்பது என் எண்ணம்.

நான், இரவு 9:31
நானும் அக்கா பக்கம்தான். 65 இருக்கட்டும்.

பாரிஸ் அண்ணன், இரவு 9:32
புதிய சீசன் தொடங்கும் முன் ஒரு ஓட்டெடுப்பு வையுங்கள் சித்தப்பா. தோற்றால் பேசாமல் இருந்துவிடுகிறேன்.

லாஸ்பேட்டை சித்தப்பா, இரவு 9:34
வைக்கிறேன். மற்ற விருதுகள்:
சிறந்த புதுமுகம்: பண்ருட்டி கார்டு. எதிர்ப்பே இல்லை.
அதிக முன்னேற்றம்: வில்லியனூர் ஃபார்வர்டு.
ஆறாவது ஆள் (பெஞ்சில் இருந்து வந்து ஆடுபவர்): பாகூர் கார்டு.
சிறந்த தடுப்பு ஆட்டக்காரர்: நெய்வேலி கார்டு.

நான், இரவு 9:35
கடைசி இடத்தில் முடித்த என் வில்லியனூருக்கும் ஒரு விருது! சந்தோஷமாக இருக்கிறது.

அரியாங்குப்பம் பெரியப்பா, இரவு 9:38
தடுப்பு விருது எப்படி நெய்வேலி கார்டுக்குப் போனது? பிளாக் (எதிராளி போடும் பந்தைத் தட்டிவிடுவது) பட்டியலில் அவன் பெயரே இல்லை. என் சென்டர் லீக்கிலேயே அதிக பிளாக். நான் பெருமைக்காகக் கேட்கவில்லை, புரியாமல் கேட்கிறேன்.

கடலூர் அத்தை, இரவு 9:52
அண்ணா, இதற்கு நான் பதில் சொல்கிறேன். அவனுக்கு முதல் ஓட்டுப் போட்டவள் நான்.

நான் காலேஜில் ஆடிய காலத்தில் எங்களுக்கு சிமெண்ட் தரைதான். கோடு சுண்ணாம்பில் போட்டிருக்கும், மழை பெய்தால் அடுத்த நாள் சாயங்காலம் நாங்களே வாளியும் பிரஷ்ஷும் எடுத்துப் போட வேண்டும். எங்கள் அணியில் ஒரு பெண் இருந்தாள். பந்தைத் தட்டி விழ வைத்ததே கிடையாது. ஆனால் எதிரணியில் யார் நன்றாகப் போடுகிறாளோ அவள் கூடவே போவாள். கையை நீட்ட மாட்டாள், காலைத்தான் நகர்த்துவாள். அந்த எதிராளிப் பெண் தனக்குப் பிடித்த இடத்துக்கு வரவே முடியாது. ஒரு அடி தள்ளி நின்று போடுவாள், தவறும். ஸ்கோர் ஷீட்டில் எங்கள் பெண்ணுக்கு நேராக ஒன்றுமே இருக்காது. கோச் மட்டும் ஆட்டம் முடிந்ததும் முதலில் அவளைக் கூப்பிட்டுத் தண்ணீர் கொடுப்பார்.

நெய்வேலி கார்டு அப்படிப்பட்டவன். பெயருக்குப் பக்கத்தில் ‘டிபி’ குறி, வெளியே இருந்து போடுபவனை மறிக்கிற ஆள். அவன் களத்தில் இருக்கும்போது 100 வாய்ப்புக்கு நெய்வேலி எத்தனை புள்ளி கொடுத்தது, அவன் உட்கார்ந்தபோது எத்தனை கொடுத்தது என்று ஒப்பிட்டுப் பாருங்கள். பிளாக் கண்ணுக்குத் தெரியும், இது தெரியாது. உங்கள் சென்டர் நல்ல ஆள்தான் அண்ணா. ஆனால் பிளாக்குக்குத் தாவித் தாவி ஃபவுல் வாங்குகிறான், அவன் பெஞ்சுக்குப் போனதும் உங்கள் பக்கம் திறந்துவிடுகிறது. பைனலில் நாங்கள் அதைத்தான் பயன்படுத்தினோம்.

அரியாங்குப்பம் பெரியப்பா, இரவு 9:56
பார்த்தேன் தங்கச்சி. அவன் உட்கார்ந்த நேரத்தில்தான் நீங்கள் முன்னே போயிருக்கிறீர்கள், ஆறு ஆட்டத்தில் நாலில் அப்படி. நெய்வேலிப் பெண்ணே, உன் ஆளுக்கு விருது பொருத்தம்தான்.

நெய்வேலி அக்கா, இரவு 9:57
நன்றி பெரியப்பா 🙏 அத்தை, அந்தப் பெண் இப்போது எங்கே இருக்கிறார்?

கடலூர் அத்தை, இரவு 9:59
சிதம்பரத்தில். பேரன் பேத்தி எடுத்துவிட்டாள். பொங்கலுக்குப் போனில் பேசினோம்.

பண்ருட்டி மச்சான், இரவு 10:02
பைனலின் சிறந்த ஆட்டக்காரர் யார் என்று இன்னும் சொல்லவில்லையே?

லாஸ்பேட்டை சித்தப்பா, இரவு 10:03
இதற்கு ஓட்டு இப்போது. கைதூக்குங்கள். சாம்பியன் அணியில் இருந்துதான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றில்லை. 1969ல் தோற்ற லேக்கர்ஸின் ஜெரி வெஸ்ட்டுக்குக் கொடுத்தார்கள், அந்த விருதின் முதல் வருடமே அதுதான்.

முத்தியால்பேட்டை தம்பி, இரவு 10:04
அத்தையின் பாயிண்ட் கார்டு.

பாரிஸ் அண்ணன், இரவு 10:04
பாயிண்ட் கார்டு!

நான், இரவு 10:08
என் ஓட்டு பெஞ்சில் இருந்து வந்த அந்த 36 வயது ஆளுக்கு. கார்டு புள்ளி எடுத்தான், மறுக்கவில்லை. ஆனால் நாலாவது ஆட்டத்தில் இருந்து அத்தை இவனை முதல் ஐந்தில் இறக்கினார், அதற்குப் பிறகு மஞ்சக்குப்பம் ஒரு ஆட்டமும் தோற்கவில்லை. ‘பிஎஸ்’ குறி உள்ள ஆள், பாஸ் கொடுப்பவன். இவனும் பந்தை உருட்டிக் கொண்டுபோகத் தெரிந்த கார்டும் சேர்ந்து நின்றால் மொத்த அணிக்கும் பலம் கூடும், விளையாட்டே அப்படித்தான் கட்டப்பட்டிருக்கிறது. கார்டு அத்தனை புள்ளி எடுத்ததற்கு இவனும் காரணம். 2015ல் இகுடாலாவும் இப்படித்தான். சீசன் முழுக்க பெஞ்ச், பைனலின் நாலாவது ஆட்டத்தில் முதல் ஐந்துக்கு வந்தார், விருதும் வாங்கினார்.

நெய்வேலி அக்கா, இரவு 10:10
நான் கார்டு என்று எழுத வந்தேன். இதைப் படித்ததும் மாற்றிக்கொள்கிறேன். பெரியவர்.

அரியாங்குப்பம் பெரியப்பா, இரவு 10:11
அவனிடம் தோற்றவன் நான். என் ஓட்டும் பெரியவருக்கே.

பண்ருட்டி மச்சான், இரவு 10:12
பெரியவர்.

லாஸ்பேட்டை சித்தப்பா, இரவு 10:14
நானும் பெரியவர். பெரியவருக்கு ஐந்து, கார்டுக்கு இரண்டு. அக்கா சொந்த அணி என்பதால் ஓட்டு இல்லை. முடிவு: மஞ்சக்குப்பம் பெரியவர்.

கடலூர் அத்தை, இரவு 10:17
எனக்கு ஓட்டு இல்லாததே நல்லது. இரண்டு பேரும் என் பிள்ளைகள். பெரியவரின் ஒப்பந்தம் இந்த வருடத்தோடு முடிகிறது. வயதாகிவிட்டது, இனி வருடா வருடம் இறங்கத்தான் செய்வான் என்று தெரியும். இருந்தாலும் குறைந்த சம்பளத்தில் இன்னொரு வருடம் எடுக்கப் போகிறேன்.

முத்தியால்பேட்டை தம்பி, இரவு 10:18
எடுங்கள் அத்தை. அவனை எதிர்த்து இன்னொரு முறை ஆட வேண்டும் எனக்கு.

சித்தி, இரவு 10:21
கோப்பையில் பெயர் பொறிக்க நேரு வீதிக்கு யார் போகிறீர்கள்? நாளைக்கு நான் சண்டே மார்க்கெட் போகிறேன். கடை திறந்திருந்தால் நானே கொடுத்துவிட்டு வருகிறேன். என்ன எழுத வேண்டும் என்று சரியாக அனுப்புங்கள்.

லாஸ்பேட்டை சித்தப்பா, இரவு 10:22
‘மஞ்சக்குப்பம், சாம்பியன்’. அவ்வளவு போதும்.

லாஸ்பேட்டை சித்தப்பா, இரவு 10:26
லீக் ஃபைலை ஏற்றுமதி செய்து இந்தக் குழுவிலேயே போட்டுவிட்டேன், எல்லாரும் ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். எல்லாம் என் பிரவுசருக்குள்தான் இருக்கிறது. லேப்டாப் போனால் லீக்கும் போய்விடும்.
டிராஃப்ட் அடுத்த ஞாயிறு மாலை 7 மணி. யார் முதலில் எடுப்பது என்ற குலுக்கலும் அன்றைக்கே. யாரை விடுகிறீர்கள், யாருக்கு ஒப்பந்தம் நீட்டிக்கிறீர்கள் என்று வெள்ளிக்குள் எனக்குத் தனியாக அனுப்புங்கள்.

பாரிஸ் அண்ணன், இரவு 10:28
இங்கே மதியம் 3:30. வந்துவிடுவேன்.

நான், இரவு 10:29
நானும். குலுக்கலில் முதல் இடம் வந்தால் அந்த 19 வயது சென்டரைத்தான் எடுப்பேன், யாரும் வர்த்தகம் பேச வராதீர்கள்.

பண்ருட்டி மச்சான், இரவு 10:30
உனக்குத் தனியாக ஒரு செய்தி அனுப்பியிருக்கிறேன், பார்.