சடையங்குப்பம், இடையஞ்சாவடி பழைய பத்திரம் யாரிடமாவது இருக்கிறதா?

வடசென்னை உறவுகளுக்கு வணக்கம். மணலி, எண்ணூர்ப் பக்கத்துச் சிற்றூர்களின் வரலாற்றைத் தொகுத்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் உதவி தேவை.

1708-இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கிடைத்த ஐந்து கிராமங்களில் திருவொற்றியூர், நுங்கம்பாக்கம், வியாசர்பாடி, கத்திவாக்கம் ஆகியவற்றோடு சாத்தங்காடும் ஒன்று. இன்று சாத்தங்காடு என்றால் இரும்புச் சந்தைதான் பலருக்கும் நினைவுக்கு வருகிறது. முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஆவணத்தில் ஏறிய ஊருக்கே இந்த நிலை என்றால், சடையங்குப்பம், இடையஞ்சாவடி, கடப்பாக்கம் பற்றி யார் எழுதி வைத்திருக்கப் போகிறார்கள்? 2011-இல் இவை மாநகராட்சியோடு சேர்ந்தன. இப்போது முகவரியில் வார்டு எண் முன்னே நிற்கிறது, ஊர்ப்பெயர் உதிர்கிறது. எனக்கு இது பொறுக்கவில்லை.

வீட்டுப் பரணில் கிரயப் பத்திரம், பட்டா, கிஸ்து (நிலவரி) ரசீது, பழைய கல்யாணப் பத்திரிகை ஏதேனும் இருந்தால் படம் எடுத்து அனுப்புங்கள். கல்யாணப் பத்திரிகையை அற்பமாக நினைக்க வேண்டாம். எந்த ஊர் எந்த ஊரோடு கொண்டும் கொடுத்தும் வாழ்ந்தது என்பதை அரசு ஆவணம் சொல்லாது. இவ்வூர்கள் இருந்த திருவள்ளூர் மாவட்டம் 1997-இல்தான் செங்கல்பட்டிலிருந்து பிரிந்தது; அதற்கு முந்தைய தாள்களில் செங்கல்பட்டு என்றிருந்தால் வேறு ஊர் என்று ஒதுக்கிவிடாதீர்கள். ஆள் பெயர், சர்வே எண்களை மறைத்தே அனுப்பலாம்.

உப்பளத்திலும் கழிமுகத்திலும் வேலை செய்த பெரியவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால் சொல்லுங்கள், நானே நேரில் வருகிறேன். ஏரி, களம், சுடுகாடு, எல்லைக்கோயில் எங்கெங்கே இருந்தன என்பதை அவர்களிடம்தான் கேட்க முடியும். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் பழைய நில அளவைப் பதிவேடுகளைப் பார்த்துப் பழகியவர்கள் எதில் தொடங்கலாம் என்று வழிகாட்டினால் பேருதவி.