கௌபாய் ரொமான்ஸ்: 'மேய்ச்சலூர்க் காதல்' என்று வைக்கலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

ஆங்கில நாவல் வகைப் பெயர்களுக்குத் தமிழ்ச் சொல் தேடும் நம் பட்டியலில் 'கௌபாய் ரொமான்ஸ்', அதாவது அமெரிக்க மாட்டுப் பண்ணைகளில் நடக்கும் காதல் நாவல், இன்னும் முடிவாகாமல் நிற்கிறது. இதுவரை வந்த பரிந்துரைகள் மூன்று: 'மாட்டிடையர் காதல்', 'முல்லைப் புதினம்', அப்புறம் உள்ளபடியே 'கௌபாய் காதல்'. இந்த நாவல்களை நான் விரும்பிப் படிக்கிறேன். அந்தக் கதைகளுக்குள் எந்தச் சொல் பொருந்தி உட்காரும் என்று பார்த்தபிறகு எழுதுகிறேன். என் முன்மொழிவு 'மேய்ச்சலூர்க் காதல்'.

முதலில் கௌபாய். சிவகாசியில் அச்சான காமிக்ஸ் படித்து வளர்ந்த நமக்கு அந்தச் சொல்லைக் கேட்டதும் இடுப்புத் துப்பாக்கிதான் நினைவுக்கு வரும். அவர் 19ஆம் நூற்றாண்டு ஆள். 1865இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்தபின் டெக்சாஸிலிருந்து கான்சஸ் ரயிலடிகளுக்கு மந்தைகளை ஓட்டிப் போனவர். 1874இல் முள்கம்பிக்குக் காப்புரிமை கிடைத்தது. திறந்த புல்வெளிகள் ஒவ்வொன்றாக அடைபட்டன, ரயிலும் தெற்கே வந்துவிட்டது. அந்த நெடும்பயணங்கள் ஒரு தலைமுறைக்குள் ஓய்ந்துபோயின. இன்றைய நாவலின் நாயகன் மொன்டானாவிலோ வயோமிங்கிலோ மாடு வைத்து, கன்று விற்றுப் பிழைப்பவன். பிக்கப் வண்டி இருக்கிறது, வங்கிக் கடன் இருக்கிறது. துப்பாக்கிச் சண்டையை எதிர்பார்த்து எடுப்பவருக்கு ஏமாற்றம்தான்.

இந்த நாவல்களில் எனக்கு மிகவும் பிடித்தது கன்று ஈனும் காலத்து அத்தியாயங்கள். பனி இன்னும் விலகாத பிப்ரவரி, மார்ச்சில் இரவெல்லாம் தொழுவத்துக்குப் போய்ப் போய்ப் பார்க்க வேண்டும். தலையீற்றுக் கிடேரி என்றால் கவலை இரட்டிப்பு. கன்று வராமல் சிக்கிக்கொண்டால் முன்னங்கால்களில் சங்கிலி கட்டி, தாய் முக்கும்போது மட்டும் இழுக்க வேண்டும். குளிரில் விறைத்த கன்றை வண்டியின் முன்பக்கம், கால் வைக்கும் இடத்தில் கிடத்தி ஹீட்டரைப் போடுவார்கள், அல்லது வீட்டுக் குளியல் தொட்டியில் வெந்நீரில் வைப்பார்கள். சில மணி நேரத்துக்குள் சீம்பால் உள்ளே போக வேண்டும், தாமதமானால் கன்றின் உடலுக்கு அதை ஏற்கும் சக்தி குறைந்துகொண்டே போகும். நகரத்திலிருந்து வந்த கதாநாயகி அந்தச் சீம்பால் புட்டியைக் கையில் பிடிக்கும் இடத்தில்தான் பெரும்பாலும் காதலே தொடங்குகிறது. அந்த ஒரு இரவில் அவன் எப்படிப்பட்டவன் என்பது அவளுக்குத் தெரிந்துவிடுகிறது. ஆகவே நமக்கு வேண்டிய சொல்லில் இந்தத் தொழில் தெரிய வேண்டும், தொப்பி தெரிய வேண்டியதில்லை.

சரி, 'மாட்டிடையர்' ஏன் கூடாது? இடையர் என்பது இன்று நம்மிடம் ஒரு சமூகத்தின் பெயர். நாயகனுக்கு அதைச் சூட்டினால் கதையில் இல்லாத ஒரு சாதி அடையாளம் அவன்மேல் ஏறிவிடும். அதற்குப் பதில் 'ஆயர்' என்றால், கத்தோலிக்கத் தமிழில் அது மறைமாவட்டத் தலைவரைக் குறிக்கும். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நம் ஆயர் வாழ்வு பாலும் தயிரும் மோருமாக ஓடுவது. அமெரிக்கப் பண்ணைகளில் மாடு வளர்ப்பது இறைச்சிக்காக, பால் முழுவதும் கன்றுக்குத்தான். வருமானமும் இலையுதிர் காலத்தில் கன்றுகளை விற்கும்போது மொத்தமாக ஒரே தடவை வரும். நிலம் ஏராளம், கையில் காசு இல்லை என்ற அந்த நிலைமைதான் பாதி நாவல்களில் கதையை ஓட்டுகிறது.

'முல்லைப் புதினம்' சொன்ன ஐயாவின் மனம் புரிகிறது. காடும் காடு சார்ந்த இடமும், மாடு மேய்ப்போரும், அழகான சொல். ஆனால் முல்லையின் உரிப்பொருள் இருத்தல். பிரிந்த தலைவன் கார்காலத்தில் திரும்புவான் என்று தலைவி ஆற்றியிருக்கிறாள். இந்த நாவல்களிலோ பெரும்பாலும் இருவரும் ஒரே ஊரில் தினமும் எதிரெதிரே வருகிறார்கள், சண்டை போடுகிறார்கள், பழைய மனத்தாங்கலைக் கிளறுகிறார்கள். முல்லை என்று பெயர் வைத்தால் வாசகர் முல்லைப்பாட்டையும் முல்லைக்கலியையும் தேடி வருவார். திணைப்பெயரைத் திணைக்கே விட்டுவைப்போம்.

இனி ஊர். ஆங்கிலத்தில் இந்த வகையைச் சொல்லும்போது 'சிறுநகரம்' என்ற அடைமொழியும் ஒட்டிக்கொண்டே வரும். நம் பரிந்துரைகள் மூன்றிலும் அது விடுபட்டுப் போனது எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது. இவை பெரும்பாலும் தொடர் நாவல்கள். அண்ணனுக்கு ஒன்று, தம்பிக்கு ஒன்று, தங்கைக்கு ஒன்று என்று போகும். ஒரு புத்தகத்தின் காதலர்கள் அடுத்ததில் கல்யாணமாகிக் குழந்தையோடு ஓரமாக வந்து போவார்கள். மாறாமல் இருப்பது ஊர் மட்டும்தான்: ஒரே கடைத்தெரு, காலையில் எல்லாரும் கூடும் சிற்றுண்டிக்கடை, மாட்டுத்தீவனக் கடை, தேவாலயம், வருடாந்திரக் கண்காட்சி. அவனுடைய வண்டி இரவு யார் வீட்டு வாசலில் நின்றது என்பது விடிவதற்குள் எல்லாருக்கும் தெரிந்துவிடும். பண்ணை கடனில் மூழ்கப் போகிறது என்றால் அதே ஊர்தான் திரண்டு வந்து வேலியும் கட்டித் தரும். 'சிறுநகர்' என்று எழுதினால் பேருந்து நிலையமும் நகராட்சியும் வந்து நிற்கின்றன. ஊர் வாய், ஊர்க் கண், ஊர் கூடுதல் எல்லாம் 'ஊர்' என்ற ஒரே சொல்லில் அடங்கியிருக்கின்றன. மேய்ச்சலால் வாழும் ஊர் மேய்ச்சலூர், அங்கே நடப்பது மேய்ச்சலூர்க் காதல். நூலக அட்டையில் எழுதவும் எளிது.

இதை ஒட்டி இன்னும் சில சொற்கள். 'ரான்ச்' என்பதற்கு 'மேய்ச்சல் பண்ணை' போதும். கொங்குப் பக்கத்துக் 'கொரங்காடு' (வேலியடைத்த மேய்ச்சல் நிலம்) எனக்கு ரொம்பவும் பிடித்த சொல், கிளுவை வேலியும் வெள்வேல மரமும் கொழுக்கட்டைப் புல்லும் அதில் இருக்கின்றன. அதனாலேயே அதை வயோமிங்குக்கு அனுப்ப மனமில்லை. அங்கே சொந்த நிலத்தோடு, கட்டணம் கட்டி அரசு நிலத்திலும் மேய்க்கிறார்கள், 1934ஆம் ஆண்டு மேய்ச்சல் சட்டத்திலிருந்து வரும் உரிமம் அது. அளவும் வேறு, முறையும் வேறு.

பண்ணை உரிமையாளரைப் 'பண்ணையார்' என்றும் வேலை செய்பவரைப் 'பண்ணையாள்' என்றும் தயவுசெய்து எழுத வேண்டாம். கீழத்தஞ்சையில் அந்த இரண்டு சொல்லுக்கும் இடையே எவ்வளவு கொடுமை இருந்தது என்பது நமக்குத் தெரியும். 1952இல் தஞ்சாவூர்ப் பண்ணையாள்களின் பாதுகாப்புக்கென்றே சட்டம் போட வேண்டியிருந்தது. கூலி பிடிக்காவிட்டால் சேணத்தைத் தூக்கிக்கொண்டு அடுத்த பண்ணைக்குப் போகிறவரை அந்தப் பெயரால் அழைப்பது இரண்டு வரலாறுகளுக்கும் அநியாயம். உரிமையாளருக்குப் 'பண்ணைக்காரர்', வேலை செய்பவருக்கு 'மந்தையாள்' என்று நினைக்கிறேன்.

கௌபாய்களின் விளையாட்டுப் போட்டியான 'ரோடியோ' அப்படியே இருக்கட்டும். 'ஏறுதழுவல்' பொருந்தாது. அங்கே காளையின் முதுகில் ஏறி, ஒரு கையால் கயிற்றைப் பிடித்து 8 விநாடி தாக்குப்பிடிக்க வேண்டும். மற்றக் கை மாட்டின்மேல் பட்டால் ஆட்டம் போச்சு. ஆங்கிலமே அந்தச் சொல்லை ஸ்பானியத்திலிருந்து அப்படியே எடுத்துக்கொண்டதுதான், 'ரான்ச்' என்பதும் அங்கிருந்து வந்ததுதான். 'கௌபாய்' என்ற சொல்லையும் பேச்சில், உரையாடலில் இருந்தபடியே விடலாம். நான் மாற்றச் சொல்வது வகைப் பெயரை மட்டும்.

குளிர்காலத் தீவனமாகச் சேர்த்து வைக்கும் புல்கட்டை 'வைக்கோல்' என்று ஒருவர் மொழிபெயர்த்திருந்தார். வைக்கோல் நெல் அடித்தபின் மிஞ்சுவது, இது தீவனத்துக்கென்றே வளர்த்து அறுத்துக் காயவைப்பது. 'உலர்புல்' என்று வைத்துக்கொள்ளலாம்.

'மந்தையாள்' பற்றி மட்டும் எனக்கு முழு நிறைவில்லை. ஆடு மாடு வளர்ப்போர் குடும்பத்திலிருந்து வந்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். உங்கள் பக்கத்தில், சம்பளத்துக்கு மந்தை பார்க்கும் ஆளுக்கு மதிப்பான ஒரு சொல் புழக்கத்தில் இருந்தால் எழுதுங்கள், அதையே எடுத்துக்கொள்வோம்.